ஜாடியக்காவுக்குத் தெரியாத வாடை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பல் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவள் ஜாடியக்காதான். காரணம், லேப்பில் அவள் மேசைமேல் இருந்த அந்தக் கனத்த ஜாடி. மூடியைப் போட்டுக் கவ்வியை இறுக்கிவிட்டால் உள்ளே பொட்டுப் பிராணவாயுகூட மிஞ்சாது. கூடவே போட்டு வைக்கிற ஒரு சின்னப் பொட்டலம் அதை உறிஞ்சிவிடும். ஈறுக்கு அடியில் குடியிருக்கிற கிருமிகளுக்குக் காற்று ஆகாது, பட்டால் செத்துவிடும். டாக்டர்கள் நோயாளியின் ஈறுக்கடியிலிருந்து சுரண்டி அனுப்புகிறதை ரத்தம் கலந்த கூழ் உறைந்த சின்னப் பிளேட்டில் தடவி, ஜாடிக்குள் அடைத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்த்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள், எந்த மருந்துக்கு அடங்குவார்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை.

கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். அவளுக்கு இல்லை. அவற்றைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். ஒரு பிளேட் சரியாக வளரவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. படித்தவர்கள் அந்தக் கிருமிகளுக்கெல்லாம் நீளநீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், உரக்கச் சொன்னால் பல்லே ஆடிவிடும். இவள் தன் வசதிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டாள்.

அவள் கணக்குப்படி விஷயம் இதுதான். எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தாலும் கொஞ்ச நேரத்தில் பல்லின் மேல் எச்சில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதில் முதலில் வந்து ஒட்டுகிறவர்கள் சாதுக்கள். அவர்களுக்கு ‘முதல் குடி’ என்று பெயர். அவர்களால் பெரிய வம்பில்லை. ஆனால் அந்த இடத்துப் பிராணவாயுவையெல்லாம் தின்று தீர்த்துவிடுவார்கள். அங்கேதான் வினை ஆரம்பம். காற்று ஆகாதவர்களுக்கு அதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? ஆனால் அவர்கள் நேராக வந்து உட்கார முடியாது, நடுவில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு முனையும் கூராக, நீளமாக ஒருத்தர் வருவார். ஒரு பக்கம் முதல் குடியைப் பிடித்துக்கொள்வார், மறுபக்கம் யார் வந்தாலும் கைகொடுப்பார். அவர் ‘தரகர்’. தரகர் வந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டாம். பிளேட்டில் கறுப்பாக வளர்கிற ‘கரிச்சட்டி’ வருவான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திருகாணி மாதிரி சுழன்று நீந்துகிற ‘நெளியான்’ வருவான். கரிச்சட்டி வெளியே தள்ளுவது நெளியானுக்குச் சாப்பாடு, நெளியான் தள்ளுவது கரிச்சட்டிக்குச் சாப்பாடு. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் இன்னும் கொண்டாட்டம். ரத்தத்தில் இருக்கிற இரும்புதான் கரிச்சட்டிக்கு உயிர்.

“தனித்தனியா எடுத்துப் பாருங்க, எவனுக்கும் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. கூட்டுச் சேர்ந்தாத்தான் குடியைக் கெடுப்பானுங்க” என்பாள்.

இன்னொன்றும் சொல்வாள். பல்லைத் தாங்குகிற எலும்பை அரிப்பது பெரும்பாலும் கிருமி இல்லையாம். கிருமியை விரட்ட நம் உடம்பு அனுப்புகிற காவல்தானாம். கரிச்சட்டி கொஞ்சம் பேர் இருந்தாலே போதும், அந்தக் காவலைக் குழப்பிவிடுவார்கள். விழுகிற அடி முக்கால்வாசியும் சொந்த எலும்பின் மேல் விழும். வலிக்கவும் வலிக்காது. வலித்தால்தானே நாம் டாக்டரைத் தேடுவோம்?

ஜாடியைத் திறக்கும்போது வருகிற வாடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழுகின முட்டையையும் மூடி வைத்து மறந்த ஈரத் துணியையும் சேர்த்த மாதிரி ஒரு நாற்றம், மூக்கைத் துளைக்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண், எல்லாரும் ‘சின்னவள்’ என்று கூப்பிட்டார்கள், முதல் நாள் ஜாடி திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். ஜாடியக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அக்கா, உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?”

“என்னத்தைப் பண்ணும்? எனக்கு அந்த வாடையே தெரியாதுடி. மூக்கு செத்துப்போச்சு.”

உண்மைதான். மற்றதெல்லாம் தெரியும். பக்கத்து வீட்டில் பால் அடிபிடித்தால் இங்கே இருந்து குரல் கொடுப்பாள். இந்த ஒரு வாடை மட்டும், வருஷக்கணக்காக அதற்குள்ளேயே இருந்து இருந்து, அவளுக்கு ஏறாமலே போய்விட்டது. அது எப்போது போனது என்றுகூட அவள் கவனிக்கவில்லை. லேப்பில் இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். வீட்டில் மட்டும் சொன்னதில்லை. வீட்டில் லேப் பேச்சுக்கே தடை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் கரிச்சட்டியைப் பற்றி ஆர்வமாக ஆரம்பித்தவளிடம் புருஷன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “தாயே, உன் குடித்தனக்காரங்க எல்லாம் அங்கேயே இருக்கட்டும். இங்கே நாம ரெண்டு பேர் மட்டும் இருப்போம்.” அவளும் சிரித்துக்கொண்டு சரி என்றாள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

அவர் டிரம்பெட் வாசிப்பவர். ஹோட்டல்களிலும் விருந்துகளிலும் வாசிக்கிற ஒரு பேண்டில் முன்வரிசை. பேர் சொன்னால் நாலு பேருக்குத் தெரிகிற ஆள் இல்லை. ஆனால் மேல் ஸ்தாயியில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் பரிமாறுகிறவர்கள்கூடத் தட்டோடு ஒரு நொடி நிற்பார்கள். வாத்தியம் இல்லாமலும் வாசிப்பார். அவள் அடுப்படியில் நிற்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து, தோளில் மோவாயை வைத்து, காதோரத்தில் உதட்டாலேயே டிரம்பெட் ஊதுவார். “ஐயோ, குழம்பு தீயுதுங்க!” என்பாள். குழம்பு தீயவும் செய்யும். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த சந்தோஷத்தில் முக்கால் பங்கு அதில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றுபோனது. தோளுக்கு மோவாய் வரவில்லை. பேச வேண்டியதை அடுத்த அறையிலிருந்தே பேசினார். சாப்பிடும்போது நாற்காலியை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டார். படுத்தால் சுவரைப் பார்த்துப் படுத்தார். சிரிப்புகூட உதடு பிரியாத சிரிப்பாகிவிட்டது. அவளுக்கு முகம் கொடுத்துப் பேசி எத்தனை காலமாயிற்று என்று அவளே கணக்குப் பார்க்கப் பயந்தாள்.

ஒருநாள் கேட்டும் விட்டாள். “என் மேல என்னங்க கோபம்?”

அவர் நிலைப்படியிலேயே நின்றார். “உன் மேல எனக்கு என்ன கோபம்? ஒண்ணும் இல்லை.” சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன தோன்றும்? கண்ணாடியைப் பார்த்தாள். நரை தெரிந்தது. பேண்டில் பாடுகிற பெண்ணின் போட்டோவைப் பார்த்தாள். அவளுக்கு நரை இல்லை. அவ்வளவுதான், மனசுக்குள்ளேயே வழக்கை நடத்தித் தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். அலுத்துப்போய்விட்டது அவருக்கு. சண்டை போட்டுக் கேட்டு வாங்கவா முடியும் அதையெல்லாம்? வெளியே யாரிடமும் சொல்லவில்லை, மென்று விழுங்கினாள். லேப்புக்கு முன்னைவிடச் சீக்கிரம் போனாள், நேரம் கழித்து வந்தாள். ஜாடியாவது அவள் வருகைக்குக் காத்துக்கொண்டிருந்தது.

உள்ளே நடந்தது வேறு. பல் தேய்க்கும்போது ஒருநாள் அவருக்கு ஈறில் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தார். ஊரில் பாதிப்பேர் செய்கிற தப்புத்தான். தேய்க்காமல் விட்ட இடத்தில் முதல் குடி வந்தது, தரகர் வந்தார், பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிற நண்பர் ஒருநாள் நாசூக்காகத் தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். இன்னொரு நாள் கேட்காமலே ஒரு புதினா மிட்டாயை நீட்டினார். டிரம்பெட்காரருக்கு முகம் செத்துவிட்டது. ஸ்டூலையே தள்ளிப் போட வேண்டிய வாடை என்றால், பக்கத்தில் படுக்கிற பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? அதுவும் இந்த வேலையே பார்க்கிறவளுக்கு? தெரிந்தும், மனசு நோகக் கூடாதென்று சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினார். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் நாற்காலியை நகர்த்தினார். அதற்காகத்தான் சுவரைப் பார்த்துப் படுத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனிதர்? கேட்கவில்லை. வெட்கம் அப்படிப்பட்டது.

கடைசியில், முன்பற்கள் லேசாக ஆட ஆரம்பித்த பிறகு, யாருக்கும் சொல்லாமல் ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரிடம் போனார். டிரம்பெட்டின் வாய் முன்பற்கள் மேல்தான் அழுந்தி நிற்க வேண்டும், பல் போனால் வாசிப்பும் போனது. டாக்டர் நல்ல வார்த்தைதான் சொன்னார். “காப்பாத்திடலாம் சார். ஈறுக்கு அடியில நாலஞ்சு தடவை ஆழமா சுத்தம் பண்ணணும். நீங்க விடாம வரணும். அதுக்கு முன்னாடி கிருமி எதுன்னு ஒரு டெஸ்ட் பார்த்துடுவோம்.” அந்த டெஸ்ட் செய்கிற லேப் ஊரில் ஒன்றே ஒன்றுதான். வேறு இடம் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இல்லை. பெயர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஈறுக்கடியில் சுரண்டி டியூபில் அடைத்ததைத் தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் ஜாடியக்காவின் வார விடுப்பு நாளாகப் பார்த்து, அவள் எழுந்திருக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்கு அவள் விடுப்பில் இல்லை. மறுநாள் அவர்களுடைய கல்யாண நாள். இந்த வருஷமாவது அவரோடு வீட்டில் இருக்கலாமே என்று விடுப்பை ஒருநாள் தள்ளி வாங்கியிருந்தாள். அவரிடம் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தாள்.

லேப்புக்கு வராந்தாப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. டியூப் வாங்குவதும் ரிசல்ட் கொடுப்பதும் அதன் வழியாகத்தான். ஒரு மனிதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு டியூபை நீட்டினார். சின்னவள் வாங்கினாள். “கொஞ்சம் இருங்க சார், சீல் போட்டுத் தரேன்” என்று சீட்டைத் தேடினாள். டியூப் உள்ளே போனது. ஜாடியக்கா பிளேட்டில் தடவி ஜாடிக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

“அடி ஆத்தாடி! சின்னவளே, இங்க ஓடி வா! திருவிழாக் கூட்டம் மாதிரி நெளியான் ஓடுறான் பார். தரகர், கரிச்சட்டி, ஒருத்தர் பாக்கியில்லை. வாயா இது, சாக்கடை!”

சின்னவள் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “டியூபைத் திறந்தப்பவே குடலைப் புரட்டுச்சுக்கா.”

“இந்த ஆளோட பொண்டாட்டியை நினைச்சுப் பார்த்தியா? பாவம்டி அவ. மூக்கைக் கழட்டி வச்சுட்டுத்தான் குடும்பம் நடத்துவா போல. நானா இருந்தா என்னைக்கோ கட்டிலைத் தூக்கித் தெருவுல போட்டிருப்பேன்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். லேப்பில் இப்படித்தான் பேசுவார்கள். நாள் பூராவும் அழுக்கோடு கிடக்கிறவர்களுக்கு வேறு எப்படிப் பொழுது போகும்? சிரிப்பு ஓய்ந்து சின்னவள் சீட்டோடு ஜன்னலுக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை.

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அந்தக் குரலோடுதானே குடித்தனம் நடத்தினார்.

மறுநாள் ஜாடியக்கா தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டி, இனிப்பு செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் குளித்துவிட்டு வந்தார். இனிப்பை வாங்கி மேசைமேல் வைத்தார். “பேண்டுல ஒத்திகை இருக்கு” என்றார். அன்றைக்கு ஒத்திகை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர் போன பிறகு புடவையை மாற்றிக்கொண்டு, இனிப்பை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாடகியை மனசாரத் திட்டினாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

டிரம்பெட்காரர் அந்த டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை. இன்னொருவரிடமும் போகவில்லை. போனால் வாயைத் திறக்க வேண்டுமே.

ஆனால் பிளேட் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது! ஜாடியக்கா தன் ஆயுளில் அப்படி ஒரு பிளேட்டைப் பார்த்ததில்லை. கன்னங்கரேலென்று, பளபளவென்று. ரிசல்ட்டை எழுதி டாக்டருக்கு அனுப்பினாள். “ஆள் வரவே இல்லையாம்” என்று பதில் வந்ததும், “எங்கேயாவது பல்லைக் கொட்டிக்கிட்டு நிக்கட்டும்” என்று திட்டிவிட்டு, பிளேட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்துக்கொண்டாள். காலேஜ் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல மாதிரி வேண்டும் என்று பெரிய டாக்டரும் சொன்னார். அதனால் ரத்தம் தீரத்தீரப் புதுப் பிளேட்டுக்கு மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருந்தாள். பிள்ளைகள் வந்தால், “இதைப் பாருங்க, நம்ம வீட்டுச் செல்லப்பிள்ளை” என்று எடுத்துக் காட்டுவாள்.

ஒரு மத்தியான விருந்தில் அது நடந்தது. டிரம்பெட்காரர் அந்த மேல் சுரத்துக்குப் போனார். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி அழுத்தினார். முன்பல் ஒன்று சாய்ந்து டிரம்பெட்டின் வாயில் ரத்தம் இறங்கியது. பாட்டு நிற்கவில்லை, மற்றவர்கள் எப்படியோ இழுத்து முடித்தார்கள். டிரம்ஸ் நண்பர்தான் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

“வாயைத் திறங்க, பார்க்கிறேன்” என்றாள் ஜாடியக்கா. அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எத்தனையோ காலம் கழித்து அவர் முகம் அவளுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. ஈறு வற்றி, வேர் தெரிந்து, முன்பல் நாலும் ஆடிக்கொண்டு நின்றன. அவளுக்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை.

“எத்தனை நாளா இப்படி? என்னை வீட்டுல வச்சுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீங்க?”

அவர் அவள் கையை விலக்கினார். “உனக்குத் தெரியாததா?” என்று மட்டும் சொன்னார்.

வேலையைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். சரியான சவுக்கடியாகத்தான் பட்டது அவளுக்கு. கிருமி பார்க்கிறவள், கட்டினவர் வாயைப் பார்க்காமல் இருந்துவிட்டாள். குற்றத்தைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டாள்.

நாலு பல்லையும் எடுத்தார்கள். மற்றதைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, ஈறு ஆறியதும் பல் செட் பொருத்தினார்கள். சாப்பிடலாம், பேசலாம். டிரம்பெட் மட்டும் ஊத முடியாது, அழுத்தினால் செட் நகர்ந்துவிடும். பேண்டில் வேறு ஆள் போட்டார்கள். அவர் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அலமாரி மேல் ஏற்றினார். அதற்குப் பிறகு ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு எல்லாம். வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், யார் வந்தாலும் கை தானாக வாய்க்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவள் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தாள். வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. “வாம்மா” என்றபடி அவர் எழுந்தார், கையால் வாயை மறைத்துக்கொண்டு. சின்னவள் அவரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“சார்... நீங்க அன்னைக்கு நம்ம லேப் ஜன்னல்ல டியூப் கொடுத்தவர்தானே? சீட்டுகூட வாங்காமப் போயிட்டீங்களே! ரிசல்ட் வாங்கவும் ஆளைக் காணோம்.” வெகுளிப் பெண், நிறுத்தத் தெரியவில்லை. “உங்க பிளேட்டைத்தான் அக்கா இன்னும் வளர்க்கிறாங்க சார்! புள்ளைங்களுக்கெல்லாம்...”

அவர் வேண்டாம் என்பது போல் தலையை ஆட்டினார். அப்போதுதான் அவளுக்கு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது. பழத்தை மேசைமேல் வைத்தாள். “நான் வரேன்க்கா” என்று சொன்னதுகூடச் சரியாகக் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஜாடியக்கா அப்படியே நின்றாள். தலையில் இடி விழுந்த மாதிரி என்று சொல்வார்களே, அது சத்தமாக இருக்காது. காது அடைத்துப்போகும். புதுப்புது ரத்தம் ஊற்றி, ஊட்டி வளர்த்தாளே, செல்லப்பிள்ளை என்று கொஞ்சினாளே, அதெல்லாம் எதை என்று இப்போது தெரிந்தது.

“நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா?”

“விடு. பழைய கதை.”

“நீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருக்க மாட்ட. எனக்கு அது தெரியும்.” அவர் நிதானமாகத்தான் பேசினார். “யாருன்னு தெரியாதப்போதானே மனசுல இருக்கிறது வெளியே வரும்? இத்தனை காலம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என்கூட இருந்திருக்கியேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. எனக்கு உன் மேல வருத்தமே இல்லைம்மா. எனக்கு வெட்கமாப் போச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்ட போய் வாயைத் திறக்கிறது, சொல்லு.”

“ஐயோ, எனக்கு அந்த வாடையே தெரியாதுங்க!”

அவருக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஜாடியைத் திறந்து திறந்து மூக்கு செத்துப்போனதை, லேப்பில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதை, வீட்டில் மட்டும் சொல்லாமல் விட்டதை. “எனக்கு உங்ககிட்ட ஒருநாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்லை. ஒருநாளும் இல்லை. நீங்கதான் திரும்பிப் படுத்தீங்க. நான் உங்களுக்கு அலுத்துப்போயிட்டேன்னு நினைச்சேன். அந்தப் பாட்டுக்காரப் பொண்ணுன்னுகூட நினைச்சேன்.”

“அலுத்தா?” அவர் அவளைப் பார்த்தார். “உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு தள்ளிப் படுத்தேன்டி. உன் பக்கத்துல வர முடியாம நான் பட்ட பாடு...”

இரண்டு பேரும் அழுதார்கள். எதற்கென்று தனியாகச் சொல்ல வேண்டுமா? போன பல்லுக்கு அழுதார்கள், போன பாட்டுக்கு அழுதார்கள், ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் தவம் கிடந்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்கள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவரும் கேட்கவில்லை, அவளும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. நினைக்க நினைக்க எனக்கே வயிறு எரிகிறது.

ஜாடியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கிட்டே போனாள். வாயை மறைத்திருந்த கையைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்போ எல்லாம் சுத்தமாயிடுச்சுங்க. டாக்டரே சொல்லிட்டார். வாடை எதுவும் இல்லை. நான் சொல்றேன், நம்புங்க.”

அவர் கையை எடுக்கவில்லை. கோபமும் படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டார்.

“உனக்குத்தான் தெரியாதேம்மா. நீ எப்படிச் சொல்ற?”

அவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

“டாக்டர் மரியாதைக்குச் சொல்லுவார்” என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அந்தப் பொண்ணு போயிடுச்சா? இருந்தா அவளைக் கேட்டுப் பார்க்கலாம்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஜாடியக்கா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். தன் புருஷன் வாயை முகர்ந்து பார்த்துச் சொல்ல இன்னொருத்தியைக் கூட்டி வர நடுத்தெருவில் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. பஸ் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நின்றாள். சின்னவள் கிடைத்திருந்தாலும் என்ன? மரியாதை தெரிந்த பெண், இல்லை சார் என்றுதான் சொல்லியிருப்பாள். அவரும் அதை நம்பப் போவதில்லை.

மெதுவாகத் திரும்பி நடந்து, படியேறி மேலே வந்தாள். அவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் உள்ளே வருகிற வழியை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றிருந்தார்.